நாயகனின் நாட்குறிப்பை எழுதுவது யார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கற்பனை உலகங்களில் நடக்கும் ரோல்-பிளேயிங் கணினி விளையாட்டுகளில், அதாவது நாம் ஒரு பாத்திரமாகவே ஆடும் வகையில், நாயகனிடம் ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. யாரைச் சந்தித்தான், எந்த வேலையை ஏற்றுக்கொண்டான், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில் தானாகவே ஏறிவிடுகிறது. வாளும் கவசமுமாக அலைகிற ஒருவன் எப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறான், அப்படிப்பட்ட காலத்தில் யாராவது எழுதுவார்களா, நீங்கள் உருவாக்கிவரும் ஒரு சிறிய விளையாட்டில் இதை நம்பும்படி செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது மையும் தாளும் பற்றிய கேள்வி. ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "படிக்கும்போது இதை அவன் எழுதியதாகவே தோன்றவில்லை." உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் விளையாட்டுகளுக்குக் குவெஸ்ட் உரை, அதாவது நாயகன் ஏற்கும் வேலைகளுக்கான உரை, எழுதிப் பிழைப்பவன். ஓய்வு நாட்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் வகை விளையாட்டை நடத்துபவனும்கூட. வரலாற்றறிஞன் இல்லை. ஆகவே பழங்காலத்தவரின் எழுதும் பழக்கம் பற்றி நான் சொல்வதைப் படித்து அறிந்தவன் சொல்வதாகவும், குவெஸ்ட் பற்றிச் சொல்வதைக் கையால் செய்தவன் சொல்வதாகவும் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அலைந்து திரிந்தவர்களும் ஆபத்தில் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதில் ஐயமே இல்லை. பாய்மரக் கப்பல்களில் ஒவ்வொரு காவல் முறையிலும் வேகம், திசை, காற்று ஆகியவற்றைக் கற்பலகையில் குறித்துவைத்து, பிறகு நிதானமாகப் பதிவேட்டில் படியெடுத்தார்கள். பண்டைய ரோமிலிருந்து இடைக்கால ஐரோப்பா வரை மெழுகு பூசிய மரப்பலகைகள் புழக்கத்தில் இருந்தன. கூர்முனையால் கீறி எழுதலாம். எழுத்தாணியின் மறுமுனையில் இருக்கும் தட்டையான பகுதியால் தேய்த்து அழிக்கலாம். 1871இல் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் தாளும் மையும் தீர்ந்துபோன டேவிட் லிவிங்ஸ்டன், பழைய செய்தித்தாளின் அச்செழுத்துகளுக்குக் குறுக்கே, அங்கே கிடைத்த தாவரச் சாயத்தை மையாக்கி எழுதினார். எழுத வேண்டும் என்று நினைப்பவன் எப்படியாவது எழுதிவிடுகிறான்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, எழுத்து இரண்டு கட்டமாக நடப்பது. இடத்திலேயே கிறுக்கியது ஒன்று, பிறகு ஆற அமர எழுதியது மற்றொன்று. முதலாவதில் பாதி வாக்கியங்கள்தான் இருக்கும். இரண்டாவதில் கோர்வை இருக்கும்; கூடவே நினைவின் பிசகும், தன்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருக்கும். விளையாட்டுகளில் வரும் நாட்குறிப்போ கிறுக்கலின் உடனடித் தன்மையையும் திருத்தப் பிரதியின் ஒழுங்கையும் ஒருசேர வைத்துக்கொள்கிறது. உரையாடல் முடிந்த அதே நொடியில், முழு வாக்கியங்களில், பிழையில்லாமல் பதிவு வந்து விழுகிறது. இது ஒரு பொய்தான், ஆனால் சிறிய பொய். யாரும் இதற்காக விளையாட்டை மூடிவைப்பதில்லை.

எழுத்தறிவு இதைவிடச் சுவையான சிக்கல். 2018இல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ் மாயமந்திரம் இல்லாத வரலாற்று விளையாட்டு, 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நடக்கிறது. அதன் நாயகன் கொல்லன் மகன் ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியும். ஓர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் புரியத் தொடங்கும். ஆனால் அதே ஹென்றியின் குவெஸ்ட் பதிவுகளை நாம் முதல் நாளிலிருந்தே தெளிவாகப் படிக்க முடிகிறது. இந்த முரண்பாட்டைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனிக்காததற்குக் காரணம் உண்டு: அந்தப் பதிவை நாம் அவன் கையில் இருக்கும் ஏடாக எடுத்துக்கொள்வதில்லை, அவன் தலைக்குள் இருக்கும் நினைவாக எடுத்துக்கொள்கிறோம். நினைவுக்கு எழுத்தறிவு தேவையில்லை.

ஆகவே மையும் தாளும் உறுத்துவதில்லை என்று துணிந்து சொல்கிறேன். உறுத்துவது, அந்தப் பதிவுக்கு அளவுக்கு மீறித் தெரிந்திருப்பது.

ஓர் எடுத்துக்காட்டு. நாயகன் ஓர் ஆற்றுத் துறையில் ஓடக்காரர் ஒருவரைச் சந்திக்கிறான். அவர் சொல்கிறார்: "என் தம்பி கோர்வன் கம்பளி மூட்டையோடு மேலாற்றுச் சந்தைக்குப் போய் எட்டு நாளாகிறது. வழியில் கொள்ளையர் தொல்லை என்கிறார்கள். எனக்கென்னவோ கடன்காரனுக்குப் பயந்து எங்கேயாவது போய்விட்டானோ என்றும் ஒரு எண்ணம்." உரையாடல் முடிந்ததும் திரையின் ஓரத்தில் எழுத்துகள் மின்னுகின்றன: "கோர்வனை வெண்பாறைக் குகையிலிருந்து மீட்கவும்." ஓடக்காரர் குகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோர்வன் உயிரோடு இருக்கிறான் என்று அவருக்கே தெரியாது. கடன் பற்றி அவர் இழுத்து இழுத்துச் சொன்ன சந்தேகம் போன இடம் தெரியவில்லை. நான்கே சொற்களில் குகை, உயிர், சிறை மூன்றும் அம்பலமாகிவிட்டன. இதை எழுதியது நாயகன் இல்லை. முடிவு தெரிந்த நான்.

அதையே நாயகன் எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஓடக்காரர் தம்பி கோர்வன், எட்டு நாளாகக் காணோம். கம்பளி மூட்டை. மேலாற்றுச் சந்தை வழி. கொள்ளையர் என்கிறார், கடன் என்றும் இழுக்கிறார். சந்தையில் விசாரிக்க வேண்டும். கூலி பேசவில்லை." இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் யார் சொன்னது, எது கேள்விப்பட்டது, தான் அடுத்து என்ன செய்ய நினைக்கிறான் என்ற மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. உண்மையான நாட்குறிப்புகளில் இந்தப் பிரிவினை இயல்பாகவே இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்: இன்னார் வந்து இப்படிச் சொன்னார் என்று சொன்னவர் பெயரோடு செய்தியை எழுதிவைக்கிறார். அரசியல் நடுவே வாழ்ந்தவருக்கு, செய்தியைப் போலவே அது வந்த வாயும் முக்கியம். கற்பனை உலகில் கூலிக்கு வாள் பிடிப்பவனுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். யாரை நம்பினோம் என்பதில்தான் அவன் பிழைப்பே இருக்கிறது.

சரி, ஏன் நாங்கள் அந்த முதல் வகைப் பதிவையே எழுதித் தொலைக்கிறோம்? சோம்பல் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். பெரிய காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. விளையாட்டின் நிரலுக்குக் குவெஸ்ட் என்பது கட்டங்களின் வரிசை. வேலையை ஏற்றால் 10, குகை தெரியவந்தால் 20, தம்பியைக் கண்டால் 50, முடிந்தால் 100 என்று எண்கள் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி உரை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்; கட்டம் மாறியதும் அது பதிவில் தோன்றும். சிக்கல் என்னவென்றால், 20ஆம் கட்டத்துக்கு நீங்கள் எந்த வழியாகவும் வந்து சேரலாம். சந்தையில் கம்பளி வியாபாரி சொல்லி வந்திருக்கலாம். ஓடக்காரரைப் பார்க்காமலேயே குகைக்குள் தடுக்கி விழுந்திருக்கலாம். கொள்ளையன் ஒருவனை மிரட்டித் தெரிந்துகொண்டிருக்கலாம். எழுதுபவனுக்குக் கிடைப்பது ஒரே பத்தி. மூன்று வழிக்கும் பொய்யாகாத வாக்கியம் வேண்டுமென்றால், யார் சொன்னார், எப்படித் தெரிந்தது என்பதையெல்லாம் உருவிவிட வேண்டியிருக்கிறது. மிஞ்சுவது "குகைக்குச் செல்லவும்" என்ற கட்டளை. மூன்று பத்தி எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். அப்படி எழுதினால் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், பிறகு யாரோ கதையை மாற்றும்போது மூன்றையும் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான குவெஸ்ட்கள் உள்ள விளையாட்டில் இதற்கு ஒப்புதல் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, பதிவில் விழும் "முடிந்தது" என்ற குறி. வாழ்க்கையில் எந்த வேலை முடிந்தது என்று நமக்கு யார் வந்து சொல்கிறார்கள்? கோர்வனைக் கொண்டுவந்து ஓடக்காரரிடம் ஒப்படைத்தாகிவிட்டது, குறி விழுந்துவிட்டது. ஆகவே கடன்காரன் என்று ஒருவன் இனி வரப்போவதில்லை என்பது வீரருக்கு, அதாவது விளையாடுபவருக்கு, அப்போதே தெரிந்துவிடுகிறது. குறி விழாவிட்டாலோ இன்னும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. கதை காட்டிக்கொடுக்காததை ஒரு சிறு குறி காட்டிக்கொடுக்கிறது. தோல்வியும் இப்படித்தான். பல காதம் தள்ளி யாரோ ஒருவர் இறந்த கணமே "தோல்வியுற்றது" என்று பதிவு மாறும் விளையாட்டுகள் உண்டு. அந்தச் சாவுச் செய்தியை நாயகனுக்கு எடுத்து வந்தது யார்?

பழைய விளையாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் தானாக எழுதும் பதிவேடே கிடையாது. வீரர்கள் பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டார்கள். 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் ஒரு விசித்திரமான இடைநிலை. வட்டில் இடம் போதாததால் நீண்ட உரைகளை அச்சடித்த சிறு புத்தகமாகப் பெட்டிக்குள் வைத்தார்கள். குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் இத்தனையாம் பதிவைப் படி என்று திரை சொல்லும். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிடுபவர்களை ஏமாற்ற, அந்தப் புத்தகத்தில் பொய்ப் பதிவுகளையும் கலந்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு வந்த வேஸ்ட்லேண்டும் இதே உத்தியைக் கையாண்டது. நோக்கம் ஏமாற்றுபவர்களைப் பிடிப்பது. ஆனால் தன் குறிப்பையே முழுதாக நம்ப முடியாத நிலை வீரருக்கு வந்தது. பின்னாளில் வந்த பளபளப்பான நாட்குறிப்புகள் எவையும் அந்த நிலையைத் தரவில்லை. 1992இல் வந்த அல்டிமா அண்டர்வேர்ல்டு வேறு வழியில் போனது: வரைபடம் தானாக வரையப்படும், அதன் மீது வீரரே தன் குறிப்பைத் தட்டச்சு செய்துகொள்ளலாம். எளிமையில் இன்றுவரை அதை மிஞ்சிய ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

நாட்குறிப்பாகவே நடந்துகொண்ட பதிவுகள் 1990களின் இறுதியில் வருகின்றன. 1998இன் பால்டர்ஸ் கேட் பதிவுகள் 'நான்' என்ற தன்மை நடையில், நாள் நேரத்தோடு, நடந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. 2002இன் மாரோவிண்டிலும் அப்படியே. தேதியிட்ட பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. இது அசல் நாட்குறிப்புக்கு மிக நெருக்கமானது, பயன்படுத்துவதற்கு மிகக் கொடுமையானது. இருபது வேலைகளின் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மூன்று வாரத்துக்கு முன் கேட்ட வழியைத் தேடி நாற்பது பக்கம் புரட்ட வேண்டும். வீரர்கள் புலம்பினார்கள். அதே ஆண்டு மாரோவிண்டுக்கு வந்த ட்ரிப்யூனல் விரிவாக்கத்தில் குவெஸ்ட் வாரியாகப் பார்க்கும் வசதி சேர்ந்தது. அதே தொடரில் அடுத்து வந்த 2006இன் ஆப்ளிவியனில் திசைகாட்டியில் அம்புக்குறியே வந்துவிட்டது. மாரோவிண்டில் பெரும்பகுதி உரையாடல் எழுத்து மட்டுமே. ஆப்ளிவியனில் எல்லா உரையாடலுக்கும் குரல் பதிவு செய்யப்பட்டது. "பாலத்தைத் தாண்டி இடப்புறம், இரட்டைப் பாறைக்குப் பின்னால்" என்று ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பதிவு செய்வதைவிட அம்புக்குறி மலிவு என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. விளைவு மட்டும் உறுதியானது. அதற்கும் அடுத்து வந்த 2011இன் ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டுப் பதிவை மட்டும் நம்பிப் பல சிறு வேலைகளுக்குப் போக முடியாது. எங்கே என்பதை அந்த வரிகள் சொல்வதே இல்லை.

இதையெல்லாம் மீறிச் சிலர் நன்றாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 2001இன் ஆர்க்கேனம். அதில் அறிவு மிகக் குறைந்த பாத்திரத்தை உருவாக்கினால் மற்றவர்கள் அவனிடம் பேசும் விதம் மாறுவதோடு, குவெஸ்ட் பதிவுகளும் அவன் எழுதியதுபோலக் கொச்சையாகவும் குழப்பமாகவும் வருகின்றன. எழுதுபவன் யார் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. 2015இன் விட்சர் 3 பதிவுகளை நாயகன் கெரால்ட் எழுதவில்லை. அவன் நண்பனான பாணன் டான்டிலியன் எல்லாம் முடிந்த பிறகு இறந்தகாலத்தில் சொல்கிறான். இது தந்திரமான தீர்வு: பதிவுக்கு நாயகனைவிட அதிகம் தெரிந்திருந்தால் அது பிழையாகாது, கதைசொல்லிக்கு முடிவு தெரியும் அல்லவா? அலங்காரமும் மிகைப்படுத்தலும் பாணனின் குணமாகிவிடுகின்றன. 1999இன் பிளேன்ஸ்கேப்: டார்மெண்டில் நினைவிழந்து விழிக்கும் நாயகனின் முதுகில், அவனிடம் ஒரு நாட்குறிப்பு இருப்பதாகப் பச்சை குத்தியிருக்கிறது, தேடினால் நாட்குறிப்பைக் காணோம். குறிப்பேடு தொலையக்கூடிய பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொண்ட அபூர்வமான விளையாட்டு அது. 2022இன் பென்டிமெண்ட் கற்பனை உலகம் இல்லை, 16ஆம் நூற்றாண்டு பவேரியா. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அதில் ஒவ்வொருவர் பேச்சும் அவரவர் கல்விக்கு ஏற்ற கையெழுத்தில் தோன்றுகிறது. ஒருவர் படித்தவர் என்பது நாயகனுக்குத் தெரியவரும்போது அவருடைய எழுத்து வடிவமே மாறிவிடுகிறது. திரையில் இருப்பது உலகத்தின் உண்மை இல்லை, அவனுடைய கணிப்பு என்பது ஒரு சொல்கூடச் செலவில்லாமல் விளங்கிவிடுகிறது.

இனி மறுபக்கம். மேசை விளையாட்டில் என்னோடு ஆடுபவர்கள் தாங்களே குறிப்பு எழுதுகிறார்கள். கற்பனைப் பயணத்தின் அசல் நாட்குறிப்பு என்று ஒன்று உண்டென்றால் அவர்களுடைய நோட்டுதான் அது. ஒரே இரவு ஆட்டத்துக்கு ஒருவர் கைச்செலவுக் கணக்கு மட்டும் எழுதியிருப்பார். இன்னொருவர் எல்லாப் பெயர்களையும் தப்பும் தவறுமாக எழுதியிருப்பார். மூன்றாமவர் பூசாரியின் மூக்கைப் படமாக வரைந்துவிட்டு, அவர் சொன்ன எச்சரிக்கையை விட்டிருப்பார். மெய்ம்மை என்றால் இதுதான். இதை அப்படியே கணினி விளையாட்டில் போட்டால் யாரும் இரண்டாம் நாள் தொடர மாட்டார்கள். காரணம் எளிது. நாயகனுக்கு ஓடக்காரரிடம் பேசியது இன்று காலை. விளையாடுபவருக்கு அது போன மாதம். நடுவில் வேலை, காய்ச்சல், குழந்தையின் தேர்வு எல்லாம் வந்துபோய்விட்டன. நாயகனுக்கு இயல்பாக நினைவிருப்பது அவருக்கு நினைவிருக்க வாய்ப்பே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பதிவு மெய்ம்மைக்கு எதிரானது என்று நான் சொல்ல மாட்டேன். சரியாகச் செய்தால், நாயகனுக்குத் தெரிந்த அளவை வீரருக்குத் தருவதுதான் அது. 2022இல் எல்டன் ரிங் குவெஸ்ட் பதிவேடே இல்லாமல் வந்தது. பலர் அதைக் கொண்டாடினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதை ஆடிய பலர் இணையத்தில் வழிகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டுதான் பாத்திரங்களின் கதைகளைப் பின்தொடர்ந்தார்கள். வழிகாட்டி என்பதும் முடிவு தெரிந்த பதிவேடுதானே. விளையாட்டுக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். வெளியான சில வாரங்களில், சந்தித்தவர்களின் இடத்தை வரைபடத்தில் குறித்துக்காட்டும் வசதியைத் தயாரிப்பாளர்களே சேர்த்தார்கள்.

உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். சிறியது என்று சொல்லியிருப்பதால் உங்களால் செய்ய முடிந்தது, பெரிய நிறுவனங்களால் முடியாதது ஒன்று இருக்கிறது: பதிவைக் கட்டத்தோடு கட்டாமல், செய்தியோடு கட்டுங்கள். "கோர்வனைப் பற்றி ஓடக்காரர் சொன்னது" ஒரு துண்டு. "கோர்வனைப் பற்றி வியாபாரி சொன்னது" இன்னொரு துண்டு. எது காதில் விழுந்ததோ அது மட்டும் பதிவாகும். சொன்னவர் பெயர் முதலில் வரும். இரண்டு துண்டுகள் முரண்பட்டால் முரண்படட்டும், நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். பொய் என்று பின்னால் தெரியவந்தால் அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு மட்டும் போடுங்கள். "முடிந்தது" என்ற குறியை நிரலிடம் விடாமல் வீரர் கையில் கொடுத்துவிடுங்கள். தன் கணக்கில் முடிந்தது என்று அவர் நினைக்கும்போது அவரே மூடிவைக்கட்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு: சிலர் பாதி வேலையில் மூடிவிட்டு, விளையாட்டு பழுது என்று எழுதுவார்கள். அதை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் குறைக்காதீர்கள். நடை, தொனி, எழுத்தறிவு எல்லாவற்றிலும் விளையாடலாம். இடக்குறிப்பில் விளையாடினால் வீரர் மன்னிக்க மாட்டார். யாரோ சொன்ன வழியாகவே அது இருக்கட்டும், ஆனால் நடந்து பார்த்தால் போய்ச் சேரும்படி இருக்கட்டும். வெளியிடுவதற்கு முன், உங்கள் விளையாட்டைப் பாதிவரை ஆடிவிட்டு இரண்டு வாரம் தொடாமல் இருந்த ஒருவரிடம் பதிவேட்டை மட்டும் காட்டி, இப்போது நாயகன் என்ன நம்புகிறான், நாளைக் காலை எந்தப் பக்கம் நடப்பான் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் தவறாகச் சொன்னால் பெரும்பாலும் கவலையில்லை, நாயகனும் தவறாகத்தான் நம்பிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதற்கு விழித்தால், அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது.